அட்டைக்கத்தி முதல் ஒளித்துப்பாக்கி வரை: சுடாத படைக்கலம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அரங்கையும் திரைப்படத்தையும் பற்றிய ஆய்வுகள் பனுவலுக்கும் இசைக்கும் நடிப்புக்கும் தந்த இடத்தை, நடிகர் கையில் ஏந்தும் பொருளுக்குத் தரவில்லை. அறிபுனைத் திரைப்படங்களில் வரும் ஒளித்துப்பாக்கியைச் சுட இயலாத மாதிரியாகச் செய்து, வேடத்துடன் ஏந்தி நிற்கும் வழக்கம் இன்று சென்னையிலும் வேரூன்றியுள்ளது. அத்தகைய பொருளை ‘தத்ரூபமாக இருக்கிறதா’ என்ற ஒற்றை அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் வாதம். யானைக்கவுனி வால்டாக்ஸ் சாலையின் நாடக அரங்கு, சிலப்பதிகாரத்தின் தலைக்கோல், 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தின் படைவீரர் துப்பாக்கி, எந்திரன் திரைப்படத்தின் படைக்கலக் காட்சிகள் ஆகியவற்றை முன்வைத்து, பொய், போலி என்னும் இரு சொற்களின் வேறுபாடு இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரங்கப் பொருள், அட்டைக்கத்தி, டம்மி, ஒற்றைவாடை, தலைக்கோல், நாடக வழக்கு, வேடப்புனைவு

முன்னுரை

மேடையிலும் படப்பிடிப்பிலும் பயன்படும் செயலற்ற படைக்கலத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் இரண்டு. ஒன்று அட்டைக்கத்தி, மற்றொன்று ஆங்கிலத்திலிருந்து வந்து தமிழாகவே ஆகிவிட்ட டம்மி. இரண்டுமே வசைச்சொற்களாகிவிட்டன என்பது நோக்கத்தக்கது. வீரம் பேசிச் செயலில் ஒன்றும் இல்லாதவரை அட்டைக்கத்தி என்கிறோம். அதிகாரம் இல்லாத பதவியில் அமர்ந்திருப்பவரை டம்மி என்கிறோம். 2012இல் பா. இரஞ்சித் தம் முதல் திரைப்படத்துக்கு அட்டகத்தி என்று பெயரிட்டபோது, அப்பெயருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

இதே மொழியில் பொய்க்கால் குதிரை வசையாகவில்லை. குதிரையும் மெய்யன்று, காலும் மெய்யன்று. இரண்டையும் ஒளிக்காமல் காட்டியே ஆடுகிறார்கள். பார்ப்பவர் குறை கூறுவதில்லை. பொய்க்கால் கலையாகவும் அட்டைக்கத்தி ஏளனமாகவும் ஆனது எதனால் என்னும் வினாவிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. மெய்போல் தோன்றவேண்டும் என்ற கடமையைக் கத்தி ஏற்றுக்கொண்டது, குதிரை ஏற்கவில்லை என்பதே அதற்குக் கிடைக்கும் முதல் விடை. அக்கடமை எப்போது, எங்கிருந்து வந்தது என்பதை அறிய வடசென்னையின் ஒரு தெருவுக்குச் செல்ல வேண்டும்.

ஒற்றைவாடையின் உடைமைகள்

கவுனி என்பது கோட்டை வாயில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய மதிலின் வாயில்களுள் ஒன்று யானைக்கவுனி. அம்மதிலுக்கென விதிக்க எண்ணிய வரியின் நினைவு வால்டாக்ஸ் என்ற சாலைப் பெயரில் நிற்கிறது. ஒருபுறம் மட்டும் கட்டடங்கள் அமைந்த தெருவை ஒற்றைவாடை என்பது வழக்கு. இச்சாலையிலிருந்த நாடகக் கொட்டகையும் அப்பெயராலேயே அறியப்பட்டது. தமிழ் நாடக வரலாற்றில் விக்டோரியா பொது மண்டபத்துக்கு இணையாகச் சொல்லப்படவேண்டிய இடம் அது. ஆனால் சுகுண விலாச சபையின் கற்றவர் நாடகங்கள் நிகழ்ந்த மண்டபத்துக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம், கம்பெனி நாடகங்கள் நிகழ்ந்த கொட்டகைக்குக் கிடைக்கவில்லை.

எஸ்.ஜி. கிட்டப்பா நடித்த கன்னையா கம்பெனியின் புராண நாடகங்கள் பாட்டுக்காக மட்டும் புகழ்பெறவில்லை; காட்சி அமைப்புக்காகவும் புகழ்பெற்றன. பின்னர் நவாப் ராஜமாணிக்கம் அம்மரபைப் பேணினார். 1954இல் நேஷனல் தியேட்டர்ஸைத் தொடங்கிய ஆர்.எஸ். மனோகர், இலங்கேஸ்வரன் முதலிய நாடகங்களில் அதைத் தந்திரக் காட்சிகளாக உச்சத்துக்குக் கொண்டுசென்றார். மேடையில் படுதா தொங்கத் தொடங்கியதும், அதன்முன் நிற்கும் நடிகரின் கைப்பொருளும் படுதாவின் தரத்துக்கு உயரவேண்டியதாயிற்று. ஓவியம் அரண்மனையைக் காட்டும்போது வாள் வெறும் மரக்கட்டையாக இருக்க இயலாது. அட்டையில் வாள் வெட்டி, வெள்ளிநிறக் காகிதம் ஒட்டி, மேடை விளக்கின் ஒளியில் அது மின்னும்படி செய்தனர். இருபதாவது வரிசையிலிருந்து காண்பவருக்கு அது வாள். முதல் வரிசையிலிருந்து காண்பவருக்கு அட்டை. ஏளனம் முதல் வரிசையில்தான் பிறந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

கூத்து இத்தொல்லைக்கு ஆளாகவில்லை. கட்டைக்கூத்துக்குப் பெயர் தந்த கட்டைகள், அதாவது கல்யாணமுருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் பதித்த மகுடமும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும், எந்த அரசனுடைய அணிகலனையும் பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அவை துரியோதனன் அணிந்தவை என்று எவரும் நம்பவேண்டியதில்லை. இரவு முழுவதும் சுழன்று ஆட இலேசாக இருக்கவேண்டும். விளக்கொளியை வாரி வீசவேண்டும். இவ்விரண்டே அவற்றின் இலக்கணம். தொல்காப்பியம் பிரித்துக் காட்டும் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இரண்டில், கூத்தின் படைக்கலம் நாடக வழக்கின் பக்கம் முழுதாகச் சாய்ந்தது. கம்பெனி நாடகத்தின் வாள் உலகியல் வழக்குக்கு ஆசைப்பட்டு இடையில் நின்றுவிட்டது.

தலைக்கோல் என்னும் முன்னோடி

மெய்யான போர்ப்பொருள் அரங்கப் பொருளாக மாறியதற்குத் தமிழில் மிகப் பழைய சான்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் உள்ளது. போரில் புறங்காட்டிய பகையரசனின் வெண்கொற்றக் குடையிலிருந்து கைப்பற்றிய காம்பே தலைக்கோலாகிறது. அதன் கணுக்களில் நவமணிகள் பதிக்கப்படுகின்றன. இடைப்பகுதிகளில் பொன் தகடு போர்த்தப்படுகிறது. இந்திரன் மகன் சயந்தனாகக் கருதி அரண்மனையில் போற்றப்பட்ட அக்கோல், அரங்கேறும் நாளில் நீராட்டி மாலை சூட்டிப் பட்டத்து யானையின் கையில் தரப்பட்டு, தேரில் ஊர்வலம் வந்து அரங்கில் வைக்கப்படுகிறது.

உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளரும் இதைச் சடங்காகவே விளக்கியுள்ளனர். அது தவறன்று, எனினும் பொருள் நோக்கில் இன்னொன்றும் தெரிகிறது. குடைக்காம்பு அரங்குக்கு வரும்போது அதன் பழைய பயன் அறவே நீங்கிவிடுகிறது. அது இனி எவருக்கும் நிழல் தராது. ஆனால் எங்கிருந்து வந்தது என்ற செய்தி நீங்குவதில்லை. அச்செய்தியே அதன் பெருமை. செயலிழப்பதால் ஒரு பொருள் தாழ்வதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. அட்டைக்கத்தியைப் பழிக்கும் வழக்கு அரங்கின் தொன்மையிலிருந்து வந்ததன்று. தத்ரூபத்தை அளவுகோலாகக் கொண்ட நூறாண்டுப் பழக்கத்திலிருந்து வந்தது.

கார்பைன் என்னும் இடர்ப்பாடு

அறிபுனைப் படைக்கலத்தின் வரலாற்றில் தலைக்கோலை ஒத்த ஒரு செயல் 1970களில் இலண்டனில் நிகழ்ந்தது. ஸ்டார் வார்ஸ் படத்தின் அரங்கப் பொருள் அமைப்பாளர் ரோஜர் கிறிஸ்டியன், கற்பனைத் துப்பாக்கிகளைப் புதிதாக வடிவமைத்துச் செய்யவில்லை. படக் கம்பெனிகளுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடும் பாப்டி நிறுவனத்தில் கிடைத்த பிரித்தானியப் படையின் ஸ்டெர்லிங் இயந்திரத் துப்பாக்கியை எடுத்தார். அதன் துளையிட்ட குழல் உறையில் அலமாரிக் கதவுக்குப் பயன்படும் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டினார். மேலே பழைய பீரங்கி வண்டியின் தொலைநோக்கி. பக்கவாட்டில் ஓர் எண்ணிக்கைக் கருவி. தோட்டாப் பெட்டி குறுக்கப்பட்டது. ஈ-11 என்று இரசிகர்கள் அழைக்கும் படைவீரர் துப்பாக்கி பிறந்தது. ஹான் சோலோவின் கைத்துப்பாக்கி ஜெர்மானிய மௌசர் சி96. லூக்கின் ஒளிவாளின் பிடி, கிராஃப்ளெக்ஸ் புகைப்படக் கருவியின் மின்னல்விளக்குக் கைப்பிடி.

எண்ணிறந்த கட்டுரைகள் இச்செயலைப் பாராட்டியுள்ளன. தமிழ்ப் பார்வையாளரின் இடத்திலிருந்து நோக்கினால் அப்பாராட்டில் ஒரு விரிசல் தோன்றுகிறது. ஸ்டெர்லிங் இந்தியாவுக்கு அந்நியமன்று. அதே துப்பாக்கி கான்பூர் சிறுபடைக்கலத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுச் செய்யப்பட்டது, 9 மி.மீ. கார்பைன் என்ற பெயரில் இந்தியப் படையிலும் காவல்துறையிலும் பல்லாண்டு புழங்கியது. இடப்புறம் நீட்டிய தோட்டாப் பெட்டியும் துளையிட்ட குழலும் அமைச்சர் வருகையின்போதும் அரசு அலுவலக வாயிலிலும் தமிழர் கண்ட வடிவங்கள். அமெரிக்கச் சிறுவனுக்குத் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் படைக்கலமாகத் தோன்றிய ஒன்று, யானைக்கவுனிச் சிறுவனுக்குக் காவலர் தோளில் தொங்கும் கார்பைனாகத் தோன்ற எல்லா வாய்ப்பும் உண்டு. ‘தத்ரூபம்’ எதைப்போல என்ற வினா இங்கு எழுகிறது. மெய்போலத் தோன்றுதல் எல்லா ஊருக்கும் பொதுவான பண்பன்று. பார்ப்பவர் முன்பு எதைக் கண்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

படத்தின் சில காட்சிகளில் இத்துப்பாக்கிகளிலிருந்து வெற்றுத் தோட்டாவின் உறை வெளியே தெறிப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். ஒளிக்கற்றை பாயும் துப்பாக்கியிலிருந்து பித்தளை உறை வீழ்வது தருக்கத்துக்குப் பொருந்தாதுதான். ஆயினும் அந்நொடியில் நடிகரின் தோள் பின்வாங்குவது பொய்யன்று. படம் அதை நீக்காமல் விட்டதைக் குறையாக எண்ண இக்கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

பொய்யும் போலியும்

தமிழில் பொய், போலி என்ற சொற்கள் அகராதியில் நெருங்கியிருப்பினும் வழக்கில் விலகி நிற்கின்றன. பொய்க்கால், பொய்க்கோலம் என்பவற்றில் வரும் பொய் தன்னை மறைப்பதில்லை. போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்பவற்றில் வரும் போலி, தன்னை மறைப்பதாலேயே போலியாகிறது. பொய்க்கு உடன்படும் பார்வையாளர் வேண்டும். போலிக்கு ஏமாறும் பார்வையாளர் போதும்.

சட்டம் இவ்வேறுபாட்டை ஏற்பதில்லை, ஏற்கவும் இயலாது. 1959ஆம் ஆண்டின் இந்தியப் படைக்கலச் சட்டம் 6ஆம் பிரிவின் விளக்கத்தில், துப்பாக்கியின் தோற்றம் உடைய எதனையும், அது குண்டு எய்ய வல்லதாயினும் அன்றாயினும், போலித் துப்பாக்கி என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அத்தகைய போலியை மெய்த் துப்பாக்கியாக மாற்ற உரிமம் வேண்டும் என்பது அப்பிரிவு. கைது செய்யப்படுவதைத் தடுக்கும் நோக்கில் போலியைப் பயன்படுத்தினாலும் 28ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழிசெய்கிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தோற்றமே பொருள். துப்பாக்கியை நோக்கி நிற்கும் மனிதருக்கும் தோற்றமே பொருள் என்பதால் இதை வறட்டு விதி என்று தள்ளிவிட முடியாது.

வேடப்புனைவு அரங்குகளில் இதன் விளைவு உடனே புலப்படும். 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் நிகழ்ந்தது. இத்தகைய விழாவில் மண்டபத்துக்குள் ஒளித்துப்பாக்கி ஏந்தி நிற்பவர் பொய்யின் எல்லைக்குள் இருக்கிறார். சுற்றியுள்ளோர் அனைவரும் உடன்பட்டவர்கள். அவரே அதே பொருளுடன் யானைக்கவுனிப் பாலத்தைக் கடந்து சென்ட்ரல் நிலையத்தின் பைச்சோதனைக் கருவிக்கு முன் நிற்கும்போது, உடன்பாடு எதுவும் அங்கில்லை. பொருள் மாறவில்லை, பொய் போலியாகிவிட்டது. அமெரிக்காவில் விளையாட்டுத் துப்பாக்கியின் குழல் வாயில் செம்மஞ்சள் நிறம் கட்டாயமாக்கப்பட்டிருப்பது இம்மாற்றத்தைத் தடுக்கவே. வேடத்தின் அழகைக் கெடுக்கிறது என்று முனகுவோர் அங்கும் உண்டு.

டம்மி என்ற சொல்லை ஏளனமாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள் 1993 மார்ச் 31ஐ நினைவுகூர வேண்டும். தி குரோ படப்பிடிப்பில் டம்மித் தோட்டாவின் முனை குழலில் தங்கிவிட்டது. அதன்பின் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வெடிக்கப்பட்டபோது அம்முனை பாய்ந்து பிராண்டன் லீ இறந்தார். 2021 அக்டோபர் 21 அன்று ரஸ்ட் படப்பிடிப்பில் மெய்த் தோட்டா கலந்திருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். இரண்டிலும் கையிலிருந்தது சுடவல்ல துப்பாக்கி. தமிழ்த் திரையுலகுக்கும் துப்பாக்கியின் மெய் தெரியாததன்று; அட்டை வாள்களால் பகைவரை வென்ற நாயகரின் கழுத்தில் 1967 ஜனவரி 12 அன்று பாய்ந்தது டம்மி அன்று. சுட இயலாமை ஓர் அரங்கப் பொருளின் குறை என்று எழுதும் விமர்சகர் இவற்றை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்.

இயந்திரனின் கைகள்

தமிழ் அறிபுனைத் திரையில் ஒளித்துப்பாக்கிக்கு வலுவான மரபு இல்லை. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய கலை அரசி வேற்றுக்கோளினரைக் கொண்டுவந்தபோதும், அவர்கள் தேடி வந்தது இசையை. 1986இல் சுஜாதா எழுதிய விக்ரம் ஏவுகணையைச் சுற்றிச் சுழன்றது. 24 (2016) தன் கற்பனையை ஒரு கைக்கடிகாரத்தில் குவித்தது. அண்மைத் தமிழ்த் திரையின் கைப்பொருட்களுள் நுணுக்கத்தில் அதுவே முதலிடம் பெறத்தக்கது. எதிர்காலத்தின் கையாயுதம் எப்படி இருக்கும் என்ற வினாவில் தமிழ்த் திரை பெரும்பாலும் அக்கறை காட்டவில்லை.

எந்திரன் (2010) இதற்குத் தெளிவான சான்று. அதில் சிட்டியின் உடல் எதிர்காலத்துக்குரியது; அவன் ஏந்தும் துப்பாக்கிகளோ இன்றையவை. உச்சக்கட்டத்தில் அதிரடிப் படையினரின் துப்பாக்கிகளைக் காந்தத்தால் பறித்துத் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொள்கிறான். இதைக் கற்பனை வறட்சி என்று கொள்வது எளிது. ஆனால் படத்தின் முற்பகுதியில் கோயில் திருவிழாவில் அதே காந்த ஆற்றல் அடியாட்களின் அரிவாள்களை ஈர்க்க, அவன் பல கைகளில் படைக்கலம் ஏந்திய அம்மனாகத் தோன்றும் காட்சியோடு இணைத்துப் பார்த்தால் வேறு பொருள் கிடைக்கிறது. தெய்வத்தின் கையில் படைக்கலம் பயன்படு கருவியன்று; அடையாளம். முருகனை வேலால் அறிகிறோம். வேல் எப்படி இயங்கும் என்று கேட்பதில்லை. தமிழ்த் திரை புதுப் படைக்கலத்தைப் படைக்காமல் படைக்கலம் ஏந்தும் உருவத்தைப் படைத்தது. அவ்வகையில் அம்மன் காட்சி உச்சக்கட்டத்தைவிடப் பலமடங்கு சிறந்தது. உச்சக்கட்டம் எண்ணிக்கையைப் பெருக்கியது. திருவிழாக் காட்சி பொருளின் பொருளையே மாற்றியது.

எடை, ஒலி, தேய்வு

இனி, ஒருவர் ஈ-11 துப்பாக்கியைச் சுடாத மாதிரியாகச் செய்ய முற்படுவதை எடுத்துக்கொள்வோம். யானைக்கவுனியிலிருந்து நடந்தே சென்று வாங்கக்கூடிய பொருட்கள் பெரும்பாலும் போதுமானவை. குழலுக்கு 40 மி.மீ. பி.வி.சி. குழாய், மூலத் துப்பாக்கியின் குழல் உறை ஏறத்தாழ 38 மி.மீ. விட்டம் உடையது என்பதால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. மடக்கிய நிலையில் துப்பாக்கியின் நீளம் சுமார் 48 செ.மீ. செம்புதாஸ் தெருவில் குழாயும் இரும்புச் சாமானும், ஆண்டர்சன் தெருவில் தடித்த அட்டையும், நைனியப்ப நாயக்கன் தெருவில் வேதிப்பொருட்களும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிச் சாமான்களும் கிடைக்கும். துளைகளின் இடத்தைத் தாளில் வரைந்து குழாயில் சுற்றி ஒட்டி, மெல்லிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். குழாயை நெருப்பில் காட்டி வளைக்கக்கூடாது, பி.வி.சி. கருகும்போது எழும் புகை நுரையீரலைத் தாக்கும். உப்புத்தாளால் பளபளப்பை நீக்காமல் பூசிய வண்ணம் ஒரே நாளில் உரியும்.

இதுவரை தச்சு வேலை. மதிப்பீடு தொடங்குவது இதன்பின்தான். மூலத் துப்பாக்கி வெறுமையில் 2.7 கிலோ எடை கொண்டது, பி.வி.சி. மாதிரி அதில் சிறு பங்கே இருக்கும். எடை போதவில்லை என்று குழாய்க்குள் ஈயமோ மணலோ நிரப்புவோர் உண்டு. இது வீண் வேலை. நாள் முழுவதும் வேடத்தில் நிற்பவருக்கு, இரவு முழுவதும் ஆடும் கூத்தருக்குப் போலவே, இலேசான பொருள்தான் தேவை. எடை பொருளில் இருக்கவேண்டியதில்லை; ஏந்துபவரின் மணிக்கட்டிலும் தோளிலும் இருந்தால் போதும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டை உடலின்கண் வைத்ததை இங்கு நினைக்கலாம். மூன்று கிலோவைத் தூக்குபவராக நிற்கத் தெரியாதவருக்கு மூன்று கிலோவைக் கொடுத்தாலும் அது அட்டைக்கத்தியாகவே தெரியும்.

ஒலி இன்னும் கடினமானது. திரையில் ஒளித்துப்பாக்கிக்கு உயிர் தந்தது உருவம் மட்டுமன்று. பென் பர்ட் என்ற ஒலி வடிவமைப்பாளர் வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவுசெய்த ஓசையே அதன் குரல். கூத்தில் படைக்கலம் எழும்போது மத்தளம் செய்யும் பணியும் இதுவே. வேடப்புனைவாளரின் கையிலுள்ள மாதிரிக்கு மத்தளமும் இல்லை, கம்பியும் இல்லை. பெரும்பாலும் அது அசையாத நிழற்படத்தில்தான் வாழப்போகிறது. விசையை அழுத்தினால் பீப்பொலி எழுப்பும் சிறு மின்சுற்றைச் சிலர் பொருத்துகின்றனர். அவ்வொலி எழுந்த கணமே பொருள் பொம்மைக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. ஊமையாக விடுவதே மேல். விசைக்குப் பின்னால் சிறு சுருள்வில் வைத்தால் விரலுக்கு எதிர்ப்புக் கிடைக்கும். அவ்வெதிர்ப்பு முகத்தில் தெரியும்.

எல்லா வேலையும் தேய்வில் வந்து முடிகிறது. கறுப்பு அடிவண்ணத்தின் மேல், கை உராயும் விளிம்புகளில் மட்டும் வெள்ளி வண்ணத்தைக் காய்ந்த தூரிகையால் தொட்டு, இடுக்குகளில் நீர்த்த பழுப்பைத் தேக்கித் துடைத்தால் பயன்பட்ட பொருளின் தோற்றம் கிடைக்கும். எல்லா விளிம்பிலும் ஒரே அளவாகத் தேய்ப்பது தொடக்கநிலையாளர் பலரிடம் காணும் வழு. வலக்கைக்காரர் ஏந்தும் துப்பாக்கி ஒரே இடத்தில்தான் தேயும். உறையில் செருகும் பொருளுக்குக் குழல்முனை தேயும். தேய்வு என்பது அப்பொருளுக்கு நேர்ந்த வாழ்வின் எழுத்து. எந்தக் கை, எத்தனை ஆண்டு, எந்த ஊர்ப் புழுதி என்று முடிவுசெய்யாமல் தேய்க்கத் தொடங்குவது கதை இல்லாமல் வசனம் எழுதுவதற்கு ஒப்பாகும்.

முப்பரிமாண அச்சு பரவியபின் மூலத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்துவதே குறிக்கோள் என்ற போக்கு வலுத்துள்ளது. பழைய எண்ணிக்கைக் கருவியின் திருகாணி வரை அளந்து அச்சிடுகின்றனர். உழைப்பு வியக்கத்தக்கது, நோக்கம் ஐயத்துக்குரியது. கிறிஸ்டியன் தம் கைக்கு அன்று எட்டிய பழஞ்சாமானை ஒட்டினார். அவர் ஒட்டியதை இன்று பிளாஸ்டிக்கில் வார்ப்பது அவருடைய செயலைப் பின்பற்றுவதாகாது. அவரைப் பின்பற்றுவது என்றால், வடசென்னையில் இருப்பவர் தம் தெருவின் பழஞ்சாமானை நாடவேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. குக்கர் விசிலை ஒட்டினால் எந்தத் தமிழரும் சிரித்துவிடுவார். எவர்சில்வர் டம்ளரை எவ்வளவு கறுப்படித்தாலும் அதன் விளிம்பு காட்டிக்கொடுக்கும். ஆனால் மிதிவண்டி டைனமோவின் உட்பகுதி, பழைய நீர் அளவியின் மூடி, தையல் இயந்திரத்தின் நூல் இழுவைக் கட்டுப்பாட்டுத் தட்டுகள், பம்ப் அடுப்பின் எரிவாய் போன்றவை வேறு வகையின. கை அவற்றை அறியும், நா அவற்றின் பெயரை உடனே சொல்லாது. பார்ப்பவர் ‘இது எதற்கோ பயன்பட்டது’ என்று உணரவேண்டும், ‘இது இன்னது’ என்று கண்டுகொள்ளக்கூடாது. கிராஃப்ளெக்ஸ் கைப்பிடி வெற்றி பெற்றதும் இதனால்தான். 1977இன் இளம் பார்வையாளருக்கு அது ஏற்கெனவே வழக்கொழிந்த கருவி. தொல்காப்பியர் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்ததைப் புலனெறி வழக்கு என்றார். அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணத்தை ஒட்டுத் துப்பாக்கிக்குப் பொருத்துவது துணிச்சல்தான். ஆயினும் டைனமோத் துண்டு உலகியலிலிருந்து வருவதையும், அது சென்று அமரும் உருவம் உலகில் இல்லாததையும் இதைவிடச் செம்மையாகக் கூறும் கலைச்சொல் நம்மிடம் இல்லை.

கார்பைன் உருவத்திலிருந்து விலகுவதற்கும் இவ்வழி உதவும். இடப்பக்கத் தோட்டாப் பெட்டியை நீக்கி அவ்விடத்தில் நீர் அளவியின் மூடியைப் பொருத்தினால், ஈ-11 என்று இரசிகர் அறிவர், கார்பைன் என்று காவலர் அஞ்சமாட்டார். குழல் வாயை உள்ளிருந்து இரண்டு அங்குல மரக்கட்டையால் ஒட்டி நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். உலோகக் குழாயை எவ்விடத்திலும் உள்ளே வைக்கக்கூடாது. அடைத்த வாயின் முகப்பில் தேவராஜ முதலி தெருவின் வட்டக் கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பதிக்கலாம். கட்டைக்கூத்தின் மகுடத்தில் இருப்பதும் அதே சில்லுதான். தொலைவிலிருந்து அது ஒளி உமிழும் முனையாகத் தோன்றும். கிட்ட வந்து குழலுக்குள் நோக்குபவர் தம் கண்ணையே காண்பார்.